மணியகாரருக்கும் வேலப்பனுக்கும் எழுதிய டெய்சி

அவிநாசியில் கடைத்தெருவை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பேக்கரிக்கும் கோழித்தீவனக் கடைக்கும் நடுவே டெய்சியின் அச்சகம் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு சின்ன ஆஃப்செட் மெஷின், தாள் வெட்டும் மெஷின், பிளாஸ்டிக் நாற்காலி நாலு. அவ்வளவுதான் சொத்து. ஆனால் சுற்றுவட்டத்தில் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் காதுகுத்து, யார் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் பந்தல்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் டெய்சிக்குத் தெரிந்துவிடும். வயது ஐம்பத்து நாலு. அதில் முப்பது வருடம் அடுத்தவர் வீட்டுச் சந்தோஷத்தையும் துக்கத்தையும் டைப் அடித்தே போயிற்று.

வெறும் டைப் அடிக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதுகிறவள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்றால் பரிசு அவளுக்குத்தான். தமிழாசிரியை ஆகவேண்டும் என்று கொள்ளை ஆசை. வீட்டில் அண்ணனைப் படிக்கவைத்த களைப்பில் இவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். டைப்ரைட்டிங் மட்டும் மிஞ்சியது. கட்டிக்கொண்ட தேவானந்தம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். தங்கமான மனிதர்தான், ஆனால் நாலு வரிக்கு மேல் படித்தால் கொட்டாவி விடுவார். அப்புறம் உள்ளே கிடந்த எழுத்தெல்லாம் எங்கே போகும்? கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் போயிற்று. "எங்கய்யன் செத்துப்போனாருங்க, நல்லபடியா நாலு வார்த்தை போட்டுக் குடுங்க" என்று வருகிறவரிடம் இருபது கேள்வி கேட்பாள். அந்த மனிதர் கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறியது கட்டாயம் நோட்டீஸில் வந்துவிடும். செத்தவரோடு இருபது வருடம் பேசாத தம்பி அதைப் படித்துவிட்டு ஓடிவந்த சங்கதியும் உண்டு.

இந்த எழுத்துத்தான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

அவிநாசியிலிருந்து ஏழு கிலோமீட்டரில் ஒத்தப்பனைப்புதூர். அந்த ஊராட்சியில் புதிதாக ஒரு சமுதாயக் கூடம் கட்ட ஆரம்பித்தார்கள். சுவர் எழும்புவதற்கு முன்பே பெயருக்குச் சண்டை எழும்பிவிட்டது. கோழிப்பண்ணை ஆறுச்சாமி, தன் அப்பாரு வேலப்பன் பெயரைத்தான் வைக்கவேண்டும் என்றார். தென்னந்தோப்பு பழனாத்தாள், தன் அப்பாரு நஞ்சுண்டன் பெயரைத்தான் வைக்கவேண்டும் என்றார். அப்பாரு என்றால் அப்பாவைப் பெற்றவர். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. பங்காளி வீடுகள், முறைக்கு அக்கா தம்பி. ஆனாலும் மூன்று தலைமுறையாக ஒரு வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்ற வீட்டார் போனதில்லை.

காரணம் 1942-இல் இருக்கிறது. வெள்ளையனே வெளியேறு என்று நாடு கொதித்த நேரம். வேலப்பன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஊர்ச் சாவடிக்குள் புகுந்து, நிலவரிக் கணக்குகள் இருந்த மரப்பெட்டியை வீதியில் போட்டுக் கொளுத்தினார். மூன்றாம் நாள் போலீஸ் லாரி ஊரைச் சுற்றி வளைத்தது. கொளுத்தியவர்கள் பெயர் வேண்டும், இல்லாவிட்டால் வீடு வீடாகப் புகுவோம் என்றார்கள். சர்க்காருக்கு வரி வசூல் செய்யும் மணியகாரராக இருந்தவர் நஞ்சுண்டன். அவர் ஐந்து பெயரைச் சொன்னார். ஐந்து பேரும் ஒரு வருடம் ஜெயிலில் கிடந்தார்கள். ஊர் தப்பித்தது. இதில் எந்தத் தரப்புக்கும் சந்தேகம் கிடையாது. நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் தகராறு.

முதலில் வந்தவர் ஆறுச்சாமி. நோட்டுத்தாள் இரண்டு நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தார். படித்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை திட்டு.

"அண்ணா, இதை இப்படியே அச்சடிச்சா நீங்களும் ஸ்டேஷனுக்குப் போவீங்க, நானும் வருவேன்" என்றாள் டெய்சி.

"அப்ப நீங்களே எழுதிப்போடுங்க அம்மணி. எனக்கு உள்ளுக்குள்ள எரியுது, வார்த்தை வரமாட்டேங்குது. ஆனா நீங்க எழுதுனதுன்னு வெளியில தெரியக்கூடாதுங்க. ஊருக்குள்ள எனக்கொரு மரியாதை இருக்குதல்லொ."

ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். பிறகு எழுதினாள். அது இப்படித் தொடங்கியது:

"வெள்ளைக்காரன் சர்க்கார் எங்கே இருந்தது? லண்டனிலா, டில்லியிலா? நம் ஊரைப் பொறுத்தவரை அது சாவடியில் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டியைத் தொட ஒருவருக்குத்தான் துணிச்சல் வந்தது."

பேப்பர் போடும் சுஃப்யான் அதைச் செய்தித்தாளுக்குள் செருகி வீடு வீடாகப் போட்டார். ஒத்தப்பனைப்புதூரில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை.

மூன்றாவது வாரம் பழனாத்தாள் வந்தார். அந்த நோட்டீஸை மடித்து மடித்து வெற்றிலை அளவுக்கு ஆக்கிக் கையில் வைத்திருந்தார். "இதை எழுதுன ஆளு யாருன்னு தெரியலீங்க அம்மணி. வெவரமான ஆளு. ஆறுச்சாமிக்கு இத்தனை புத்தி கெடையாது. இதுக்கு ஒரு பதில் சொல்லோணும். எங்க மாமியா செத்தப்ப நீங்க எழுதுனதைப் பாத்தனே, நீங்கதான் எழுதோணும். நமக்குள்ள இருக்கட்டுமுங்க."

அந்த இடத்தில் டெய்சி உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஆறுச்சாமிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது பாதி நிஜம். மீதி நிஜம் என்னவென்றால், தான் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வாரமாகக் கை அரித்துக்கொண்டிருந்தது. எழுதினாள்:

"பெட்டியைக் கொளுத்தியவர்கள் அன்றைக்கே சோளக்காட்டுக்குள் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் லாரி வந்தபோது துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர் யார்? எதிர்ப்பது ஒரு நாள் வேலை. எதிர்த்த பிறகு ஊரைக் காப்பாற்றுவது வருடம் முழுக்க வேலை."

ஆறுச்சாமி அதைப் படித்துவிட்டுக் கொதித்துப்போய் ஓடிவந்தார். யாரிடம்? டெய்சியிடம்தான்.

இப்படியே ஒன்றரை வருடம். வேலப்பனுக்கு நாலு நோட்டீஸ், மணியகாரருக்கு நாலு நோட்டீஸ். "மணியகாரர் நாற்காலியை விட்டு எழுந்திருந்தால் போதும், அதற்குத் தீப்பெட்டிகூட வேண்டாமே" என்று இவள் ஆறுச்சாமிக்கு எழுதுவாள். "எழுந்திருந்தால் அதில் வேறு எவன் வந்து உட்கார்ந்திருப்பான் என்று யோசித்தீர்களா" என்று பழனாத்தாளுக்கு எழுதுவாள். மறுபடி ஆறுச்சாமிக்கு: "பேரரசு இப்படித்தான் நூற்றைம்பது வருடம் ஓடியது. அடுத்தவன் என்னைவிட மோசமானவன் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்." இந்த வரியை எழுதிய அன்றைக்கு டெய்சி தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டு பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்கித் தின்றாள். மறுநாள் காலையில் சட்னி அரைக்கும்போதே மணியகாரர் சார்பில் பதில் ஓட ஆரம்பித்துவிட்டது. தேவானந்தம் சமையலறைப் பக்கம் வந்தவர், "யாருகூடடி சண்டை போடறே?" என்று கேட்டார். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

பயம் இல்லாமல் இல்லை. இரண்டு வீட்டு நோட்டீஸும் இவளிடம்தான் அச்சாகிறது என்று ஊருக்குத் தெரியும்; எழுதுவதும் இவள்தான் என்பது தெரியாது. ஒத்தப்பனைப்புதூரும் அதைச் சுற்றிய ஆறு ஊர்களும்தான் அச்சகத்துக்குச் சோறு போடுகின்றன. அத்தனை ஊரிலும் இந்த இரண்டு வீட்டுக்கும் ஒறம்பரை, சொந்தபந்தம். 'டெய்சிம்மா எந்தப் பக்கமும் சாயாத மனுஷி' என்ற பெயரை நம்பித்தான் வீட்டு ரகசியத்தைக்கூட அவளிடம் கொட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் எழுதியவள் ஒருத்தி என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள்? வேலைக்காக ஊரை மூட்டிவிட்டவள் என்பார்கள். அதற்கப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு அளவு கேட்பது? கடையைச் சாத்திக்கொண்டு போகவேண்டியதுதான்.

இந்த ஆகஸ்டில் விவகாரம் முற்றியது. கூடத்தின் பெயரைப் பதினைந்தாம் தேதி கிராம சபையில் வைத்து முடிவு செய்வதாக ஊராட்சியில் சொல்லிவிட்டார்கள். பதினாலாம் தேதி காலையில் கடைசி நோட்டீஸ் வீடுகளுக்குப் போயாகவேண்டும் என்று இருவரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள். இரண்டையும் ஒரே நாளில் எழுதி முடித்தாள். அச்சுக்கு பிளேட் எடுக்கக் கோவைக்கு அனுப்பினால், சுதந்திர தின அவசரத்தில் ஒன்றுதான் தரமுடியும் என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். சரி, ஒரே பிளேட்டில் இரண்டு நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம், ஓட்டிவிட்டு நடுவில் வெட்டினால் ஆயிற்று என்று டெய்சி கணக்குப் போட்டாள். தப்பான கணக்கு ஒன்றும் இல்லை.

பதிமூன்றாம் தேதி கோவையில் அவள் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மெஷின் ஓட்டும் மதன்குமாரிடம் பிளேட்டைக் கொடுத்து, "ஆயிரம் ஓட்டி நடுவுல வெட்டிருங்க மதன். ரெண்டு கட்டா கட்டி சுஃப்யான்கிட்டக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மதன்குமார் பன்னிரண்டு வருட அனுபவசாலி. அச்சடிக்கிற நோட்டீஸில் அவர் பார்ப்பது மை சரியாக விழுந்திருக்கிறதா என்பதை மட்டும்தான். எழுத்தைப் படிப்பது முதலாளியம்மா வேலை. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் எல்லாம் ஒரே பிளேட்டில் இரண்டு பக்கமாகத்தான் வரும். ஒருமுறை ஓட்டி, தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டி, நடுவில் வெட்டினால் முன்னும் பின்னும் அச்சான நோட்டீஸ் கிடைக்கும். இதையும் அப்படித்தான் பார்த்தார். அதே மாதிரி தலைப்பு, அதே மாதிரி கட்டம், இரண்டிலும் ஒத்தப்பனைப்புதூர். முன்பக்கம் பின்பக்கம்தானே, வேறென்ன? அம்மா திருப்பச் சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று தாமாகவே திருப்பிப் போட்டு, அழகாக ஓட்டி, அழகாக வெட்டி, அழகாகக் கட்டி அனுப்பிவைத்தார்.

பதினாலாம் தேதி காலை ஆறரைக்கு சுஃப்யான் போன் பண்ணினார். "அக்கா, இந்த வாட்டி நோட்டீஸ் புது மாதிரி இருக்குதுங்க்கா. இந்தப் பக்கம் கேள்வி, அந்தப் பக்கம் பதில். சனங்க பேப்பரை அப்படியே போட்டுட்டு இதைத்தான் படிக்கிறாங்க."

டெய்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடுப்பை அணைக்காமலே கடைக்கு ஓடினாள். மேஜையில் மீந்த நோட்டீஸ் நாலு கிடந்தன. எடுத்துப் பார்த்தாள். முன்பக்கம் வேலப்பன். திருப்பினால் மணியகாரர். வேறு வேறு தாளில், வேறு வேறு வாரத்தில் படித்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. முதுகோடு முதுகு ஒட்டிப் படித்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும், இரண்டும் ஒரே ஆள் பேசுகிற பேச்சு என்று. அந்த நக்கல், அந்தக் கேள்வி கேட்கிற தினுசு, முடிக்கும்போது ஒரு குத்து. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு மணிக்கு வந்த மதன்குமார் விஷயம் கேட்டு வெலவெலத்துப்போனார். "அக்கா, நான் படிச்சுப் பாக்கலீங்க்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "நீங்க என்னைக்குப் படிச்சீங்க, இன்னைக்குப் படிக்க? போய் டீயைக் குடிங்க" என்று அனுப்பினாள். ஆறுச்சாமி போன் மூன்று முறை அடித்தது. பழனாத்தாள் போன் இரண்டு முறை. எடுக்கவில்லை. தேவானந்தம் திருப்பூரிலிருந்து ஒரே யோசனைதான் சொன்னார்: "பேசாம கடையைச் சாத்திட்டு நாலு நாள் உங்கக்கா ஊட்டுல இரு. தானா அடங்கிப்போயிரும்." அன்று முழுக்க ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். பேக்கரியிலிருந்து வந்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

அடங்காது என்று அவளுக்குத் தெரியும். நாலு நாள் கழித்து வந்தாலும் அதே ஷட்டரைத்தான் தூக்கவேண்டும். பதினைந்தாம் தேதி காலையில் குளித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, ஸ்கூட்டியை எடுத்து நேராக ஒத்தப்பனைப்புதூருக்கு விட்டாள்.

பள்ளிக்கூட வளாகத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். கிராம சபை என்றால் வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவுகிற ஊர். அன்றைக்கு ஷாமியானா நிறையக் கூட்டம். எல்லார் கையிலும் அந்த நோட்டீஸ். ஒரு வரியைப் படிப்பது, திருப்பிப் பார்ப்பது, மறுபடி திருப்புவது. "இதுக்கு அவங்க என்ன சொல்றாங்க பாரு" என்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவது. முன்வரிசையில் ஒரு கோடியில் ஆறுச்சாமி, மறுகோடியில் பழனாத்தாள். டெய்சியைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

ஊராட்சித் தலைவர் வாயைத் திறப்பதற்குள் ஆறுச்சாமி எழுந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது. "தலைவரே, இருங்க. மொதல்ல இதுக்கு ஒரு முடிவு சொல்லோணும். எங்க நோட்டீஸுக்குப் பின்னால இவங்க நோட்டீஸை அடிச்சது யாரு? அம்மணி, உங்க மெஷின்ல ஓட்டுன ஆளு யாருங்க? பேரைச் சொல்லுங்க. நான் பேசிக்கறேன்."

மதன்குமார் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும். நிஜமும் அதுதான். மெஷின்காரன் மேல் பழி போகும், எழுதியது யார் என்ற பேச்சே வராமல்கூடப் போகலாம். வாய்வரை வந்தது.

"ஓட்டுனவரு தப்பு இல்லீங்கண்ணா" என்றாள். "ஒரே பிளேட்டுல ரெண்டையும் வெச்சது நான். ரெண்டையும் எழுதுனதும் நான்தானுங்க. இது மட்டுமில்ல. ஒன்றரை வருசமா வந்த அத்தனையும்."

கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. பிறகு பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. நூறு நாள் வேலைக்குப் போகும் காளியாத்தாள். "எனக்கு அஞ்சாவது நோட்டீஸுலயே சந்தேகமுங்க" என்றாள். "ரெண்டு பேரும் திட்டறாங்க, ஆனா ஒரு கெட்ட வார்த்தை இல்ல. நம்மூர்ல அது நடக்கற காரியமா? இவுங்க ரெண்டு பேரும் சொந்தமா எழுதியிருந்தா இந்நேரம் வெட்டுக்குத்தாயிருக்கும்." ஷாமியானா முழுக்கச் சிரித்தது. தலைவர்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

ஆறுச்சாமி சிரிக்கவில்லை. அவர் முகத்தில் கோபத்தைவிட வேறு என்னவோ இருந்தது. "அப்ப எங்கப்பாருக்காக நீங்க எழுதுனதெல்லாம் பொய்யுங்களா, அம்மணி? அதைப் படிச்சுப்போட்டு நான் அழுதிருக்கறேன்."

இது டெய்சி எதிர்பார்க்காத கேள்வி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. "பொய் இல்லீங்கண்ணா. ஒரு வரிகூட நம்பாம எழுதல. அக்காவுக்கு எழுதறப்பவும் நம்பித்தான் எழுதுனேன். மணியகாரர் செஞ்சது தப்பா ரைட்டான்னு எனக்கே தெரியாமத்தான் மாறி மாறி எழுதிட்டு இருந்தேனுங்க. உங்ககிட்ட ரெண்டு பேருகிட்டயும் மறைச்சது தப்புத்தான். அதுக்குத்தான் வந்தேன்."

இப்போது பழனாத்தாள் எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லுங்க. அன்னைக்கு எங்கப்பாரு எடத்துல நீங்க இருந்திருந்தா பேரைச் சொல்லியிருப்பீங்களா? இப்ப ஆறுச்சாமி கேட்டப்ப நீங்க சொல்லலையே."

"இங்க துப்பாக்கி இல்லீங்களேக்கா" என்றாள் டெய்சி.

யாரும் சிரிக்கவில்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "துப்பாக்கி இருந்திருந்தா சொல்லியிருப்பேன். எனக்கு அத்தனை தைரியம் கெடையாது. சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போயி அழுதிருப்பேன்."

பழனாத்தாள் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் சொன்னார்: "எங்கப்பாரும் அழுதாருங்க."

சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"லாரி போனதும் மாட்டுக்கொட்டாய்க்குள்ள போயி உக்காந்துட்டாராம். மூணு நாள் சோறு உங்கலையாம். எங்கப்பத்தா சொல்லும். சாகற வரைக்கும் அந்த அஞ்சு பேத்து ஊட்டு வழியா அவரு நடந்ததே இல்லீங்க. தோட்டத்துக்குச் சுத்திக்கிட்டுத்தான் போவாரு."

ஆறுச்சாமி அவர் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் அவர் பழனாத்தாளிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "இதை ஏனுங்க்கா ஒரு நோட்டீஸுலயும் போடல?"

"அழுதாருன்னு போட்டா, தப்புப் பண்ணுனாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமேன்னுதான். இந்த அம்மணிகிட்டக்கூடச் சொல்லல."

"இதைப் போட்டிருந்தா நான் அடுத்த நோட்டீஸே போட்டிருக்க மாட்டனே" என்றார் ஆறுச்சாமி. "எங்கப்பாரு ஜெயிலுக்குப் போனதுக்கு எங்களுக்கு வருத்தம் இல்லீங்க. அது பெருமை. காட்டிக் குடுத்துப்போட்டு மனசு உறுத்தாம இருந்தாங்களேன்னுதான் எங்க ஊட்டுல எல்லாருக்கும் வருத்தம். உறுத்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா என்னைப் பெத்த எங்கய்யன் நிம்மதியாச் செத்திருப்பாரு." சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுபது வயது மனிதர், வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். பழனாத்தாள் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கூடத்துப் பேரு..." என்று ஆரம்பித்தார்.

"அதை அடுத்த சபையில, அக்டோபர் ரெண்டாந் தேதி பாத்துக்கலாமுங்க. கட்டடம் எங்க ஓடியா போகுது?" என்றார் ஆறுச்சாமி. ஒன்றரை வருடம் ஊரையே புரட்டி எடுத்த மனிதர் இப்படிச் சொன்னதும் தலைவருக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்தது குடிநீர்க் குழாய் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

டெய்சி மெல்ல நழுவி வெளியே வந்தாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. ஆனால் கடை நிலைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. அந்த இரண்டு வீட்டுச் சண்டை முடிந்தது, சரி; நடுவில் நின்று எழுதியவளை யார் மன்னித்தார்கள்? ஸ்கூட்டியில் சாவியைப் போடும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஆறுச்சாமி.

"உங்க மேல கோபம் இருக்குதுங்க அம்மணி. இல்லைன்னு சொல்லமாட்டேன்."

"இருக்கட்டுங்கண்ணா. நியாயந்தானுங்களே."

"அது பாட்டுக்கு இருக்கும், பொறகு போகும்." வேட்டியை மடித்துக் கட்டினார். "ஆவணியில பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகை அடிக்கோணும். நீங்கதான் எழுதோணும். வேற எவங்கிட்டப் போனாலும் பழைய பத்திரிகையைப் பாத்து எழுதித் தந்துருவான்."

டெய்சி தலையை ஆட்டினாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "தேதி சொல்லுங்கண்ணா. பங்காளிங்க வரிசையில வழக்கமாப் போடற பேருங்கதானுங்களே?"

"அதேதான். கூட ஒரு ஊடு சேக்கோணும்." அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "மொத வரியில போடுங்க. மணியகாரர் நஞ்சுண்டன் குடும்பத்தார்."

டெய்சி எழுதிக்கொண்டாள். எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒழுங்காக எழுதினாள். அவர் உள்ளே போன பிறகுதான் பசி தெரிந்தது. நேற்றுக் காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை.